வஹாக்கோட்டை: குருவில்லா ஊரின் செபம்

இடைவிடாது மன்றாடுதல் பற்றி இயேசு பெருமான் கூறிய கதைகளுள் இரண்டு எல்லோரும் அறிந்தவை. ஒன்று, நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்டவனின் கதை. மற்றொன்று, நீதி வழங்க மனமில்லாத நடுவனிடம் ஓயாது சென்று முறையிட்ட கைம்பெண்ணின் கதை. இரண்டும் லூக்கா எழுதிய நற்செய்தியில் உள்ளன. தட்டியவனுக்கு அன்றிரவே கதவு திறந்தது. கைம்பெண்ணுக்கு அவள் உயிரோடு இருக்கும்போதே நீதி கிடைத்தது. கேட்டவரே பெற்றவராகவும் இருப்பது இக்கதைகளின் இயல்பு.

ஆனால், கேட்டவர் ஒரு தலைமுறை, பெற்றவர் வேறொரு தலைமுறை என்று அமைந்துவிட்டால் அந்த மன்றாட்டை என்னவென்று சொல்வது? தந்தை கேட்டுக் கிடைக்காததை மகன் ஏன் மீண்டும் கேட்க வேண்டும்? இவ்வினா ஏட்டளவில் எழுந்த வினா அன்று. இலங்கையின் நடுவே, மாத்தளை மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூரின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது. அவ்வூரின் பெயர் வஹாக்கோட்டை.

மாத்தளை நகருக்கு வடமேற்கே, கலேவெலப் பகுதியைச் சார்ந்து, வயலும் தோப்பும் சிறு குன்றுகளும் சூழ அமைந்தது வஹாக்கோட்டை. அங்கே பாதுவை நகர்ப் புனித அந்தோனியாரின் திருத்தலம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் யூன் மாதத்தில் நடைபெறும் அதன் திருவிழாவுக்குச் சிங்களரும் தமிழரும் திரளாக வருகின்றனர். தம்புள்ளைக் குகை விகாரையும் அலுவிகாரையும் போன்ற தொன்மையான பௌத்தத் தலங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து இத்துணைத் தொலைவில், கத்தோலிக்க ஊர் ஒன்று எவ்வாறு தோன்றிற்று என்று காண்போர் வியப்பது இயல்பு.

அதற்கான காரணம் 17ஆம் நூற்றாண்டின் போர்களில் இருக்கின்றது. இலங்கையின் கரையோரங்களைப் போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில் அவர்களுக்கும் கண்டி அரசருக்கும் இடையே போர் ஓய்ந்ததில்லை. 1630இல் ரந்தெனிவெலவிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் பெருந்தோல்வி கண்டன. பின்னர், இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரைத் துணையாகக் கொண்டு போர்த்துக்கேயரை நாட்டைவிட்டு அகற்ற முனைந்தான். 1656இல் கொழும்பு வீழ்ந்தது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. ஒல்லாந்தர் ஆட்சியில் வாழ விரும்பாத போர்த்துக்கேயரும் அவர்கள் வழிவந்தோரும் அடைக்கலம் நாடி மலைநாட்டுக்குச் சென்றனர். நேற்றுவரை எதிரிகளாய் இருந்தவர்களுக்குப் பௌத்த மன்னனே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினான் என்பது இலங்கை வரலாற்றின் அரிய செய்திகளுள் ஒன்று. அவ்வாறு குடியேறியோர் தங்கிய ஊர்களுள் வஹாக்கோட்டையும் ஒன்று. காலப்போக்கில் அவர்கள் மொழி சிங்களமாயிற்று. உடையும் உணவும் தொழிலும் அயலாருடையனவே ஆயின. மாறாது நின்றது சமயம் ஒன்றே.

அவர்கள் அந்தோனியாரைப் பற்றிக்கொண்டதும் பொருத்தமே. இத்தாலியிலுள்ள பாதுவையின் பெயரால் அழைக்கப்பட்டாலும், அப்புனிதர் 1195இல் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரிற் பிறந்தவர். தம் நாட்டைவிட்டு நெடுந்தொலைவு சென்று, 1231ஆம் ஆண்டு யூன் 13ஆம் நாள் அயல்மண்ணில் உயிர்நீத்தவர். காணாமற்போன பொருளைக் கண்டு கொடுப்பவர் என்பது அவரைப் பற்றிக் கத்தோலிக்கர் கொண்டுள்ள நம்பிக்கை. நாட்டையும் உறவையும் ஒருங்கே இழந்து காட்டோரத்திற் குடியேறிய மக்களுக்கு அவரினும் அணுக்கமான துணை வேறு யார் இருந்திருக்க முடியும்?

நிலம் கிடைத்தது, உயிருக்குக் காவலும் கிடைத்தது. கிடைக்காமற்போனவர் குருவானவரே. ஒல்லாந்தர் 1658இல் ஒரு கட்டளை பிறப்பித்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு மறைவிடம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என்பது அதன் சாரம். கோவில்கள் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டு இடங்களாயின. பிறப்பும் திருமணமும் அச்சபையின் ஏடுகளிற் பதிந்தால்தான் சொத்துரிமையும் உத்தியோகமும் என்ற நிலை ஏற்பட்டதால், கரையோரத்தார் பலர் வெளிக்கு ஒரு சமயமும் வீட்டுக்குள் ஒரு சமயமுமாக வாழ்ந்தனர். கண்டி நாட்டில் அத்தகைய கட்டளை இல்லை. ஆயினும், முதன்மையான துறைமுகங்கள் பல ஒல்லாந்தர் கையில் இருந்தமையால் வெளிநாட்டுக் குரு ஒருவர் உள்ளே வருவது அரிதினும் அரிதாயிற்று.

கத்தோலிக்கர்க்கு இது எத்தகைய இழப்பு என்பதை உணர அவர்களுடைய சமய ஒழுங்கைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். குருவானவர் இன்றிப் பூசை இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகுந்தறுவாயில் அவஸ்தைப்பூசுதலும் இல்லை. இடர் நேர்ந்தபோது எவரும் கொடுக்கத்தக்கது ஞானஸ்நானம் ஒன்றே. அதற்கு அப்பால் பொதுமக்கள் கையில் எஞ்சுவது செபம் மட்டுமே. செபமாலை, கர்த்தர் கற்பித்த செபம், விசுவாச அறிக்கை, புனிதர் மன்றாட்டு ஆகியவற்றுக்கு ஏடும் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. தாய் சொல்லக் குழந்தை சொல்லும். ஆகவே, குருவற்ற காலத்தில் செபமானது பக்தியின் ஒரு பகுதியாய் நிற்கவில்லை. சமயம் முழுவதையும் தாங்கும் ஒற்றைத் தூணாய் நின்றது.

அந்தச் செபத்தின் முதற்பொருளாக ஒரு குருவே இருந்திருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை. அந்த விண்ணப்பத்துக்கு விடை கிட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. 1658இல் இருபது வயதினனாய் இருந்தவன் ஐம்பது வயதை எட்டுகின்ற காலம் அது. அன்று முதியோராய் இருந்தவர்கள் விடையைக் காணாமலே கண்மூடினர்.

விடையாக வந்தவர் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பெனாவுலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். கொங்கணிப் பிராமண மரபினர். ஓரத்தோரியன் சபைக் குரு. இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்று, 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தூத்துக்குடியில் தமிழ் கற்றுக்கொண்டு, கூலியாள் வேடத்தில் தோணி ஏறி, 1687இல் இந்நாட்டை அடைந்தார். யாழ்ப்பாணத்தில் நோய்வாய்ப்பட்டுக் கவனிப்பாரின்றிக் கிடந்தபோது, ஏழைப் பெண்கள் வார்த்த கஞ்சி அவர் உயிரைக் காத்தது. உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாக இரந்து சென்றார். எவர் வீட்டிலே அம்மாலையைக் கண்டு முகம் மலர்கின்றதோ, அங்கே கத்தோலிக்கர் உள்ளனர் என்று அறிந்துகொள்வது அவர் கையாண்ட முறை. செபமாலை ஒன்றே இரு சாராருக்கும் அடையாளமாயிற்று. முப்பது ஆண்டுகளாக வீட்டுக்குள் ஒளித்து உருட்டிய மணிகளை ஓர் இரவலன் கழுத்திலே கண்டவர்களின் உள்ளம் எவ்வாறு துள்ளியிருக்கும்!

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி நாட்டுக்குள் நுழைந்தார். 1692இல் கண்டி நகரை அடைந்த அவர், போர்த்துக்கேய ஒற்றன் என்ற குற்றச்சாட்டின்மேல் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனால், சிறையில் இருந்தவாறே சிங்களம் கற்றார். சிறு குடில் அமைத்து வழிபாடும் நடத்தினார். கோவாவிலிருந்து பல நாள் நடந்தும் கடல் கடந்தும் வந்த ஒருவர், வந்த வேலையை முடிக்குமுன்னரே அடைபட்டது மனிதக் கணக்கில் பெருந்தோல்வி. அவரோ அதனைத் தோல்வியாகக் கொள்ளவில்லை.

அக்காலத்தில் நாட்டில் நேர்ந்த வறட்சியைப் பற்றி ஓரத்தோரியன் சபையார் எழுதிவைத்த செய்தி புகழ்பெற்றது. மழைக்காக நிகழ்ந்த பிற வேண்டுதல்கள் பலிக்காத நிலையில், மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரையும் மன்றாடுமாறு கேட்டான், அவர் திறந்த வெளியில் பீடம் அமைத்துச் சிலுவையை நிறுவி முழந்தாளிட்டார், மழை பெய்தது, பீடம் இருந்த இடம் மட்டும் நனையவில்லை என்பது அச்செய்தி. கத்தோலிக்கர் இதனை அற்புதம் என்று போற்றுவர். மற்றையோர் தத்தம் நோக்கிற் கொள்வர். எவ்வாறாயினும், மன்னனின் ஐயம் நீங்கி அடிகளார் நாடெங்கும் சென்று பணியாற்ற உரிமை பெற்றார் என்பது வரலாறு. பின்பு 1697இல் கண்டியிலே பெரியம்மை பரவி, அரசனும் செல்வரும் நகரைவிட்டு அகன்றபோது, அவரும் அவருடைய மருமகன் முறையினரான யோசே கர்வாலோ அடிகளாரும் சமய வேறுபாடு கருதாமல் நோயாளரைப் பேணினர். இறந்தோரை அடக்கம் செய்தனர். மழையால் வந்த மதிப்பினும் இத்தொண்டினால் வந்த மதிப்பே நெடுநாள் நிலைத்தது.

ஆயினும், மழையைப் பற்றிய நினைவு எத்துணைப் பெரிதாயினும், வஹாக்கோட்டை போன்ற ஊர்களைக் காத்தது அஃதன்று. அடிகளார் ஏற்படுத்திய ஓர் ஒழுங்குமுறையே அவற்றைக் காத்தது. தீவு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க குருமாரே இருந்தனர். ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிது. இதனை உணர்ந்த அவர், ஒவ்வோர் ஊரிலும் நல்லொழுக்கமுடைய ஒருவரை மூப்பராக அமர்த்தினார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்துதல், சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டுதல், குரு இல்லாத வேளையில் ஞானஸ்நானம் கொடுத்தல், சாவோர் அருகிலிருந்து மன்றாடுதல் ஆகியன மூப்பரின் கடமைகள். செபம் சொல்லிக் கொடுக்கவும் பாடல்களை வழிநடத்தவும் அண்ணாவிமார் துணைநின்றனர். அவர்கள் மணம் முடித்துப் பிள்ளைகளோடு வாழ்ந்த உழவர்களும் தொழிலாளர்களுமே. துறவிகளுக்கு உரிய தவமாகக் கருதப்பட்ட இடைவிடாத மன்றாட்டு, இவ்வாறு ஊராரின் முறைப்பணி ஆயிற்று.

அம்முறைப்பணிக்கு வேண்டிய சொற்களை அளித்தவர் 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவரும் கோவாவைச் சேர்ந்தவரே. சிங்களத்தையும் தமிழையும் பழுதறக் கற்று இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். தமிழில் அவர் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசு காலத்திற் படிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் நாவில் வழங்கியது. எழுத்தர்களைக் கொண்டு படியெடுப்பித்து ஊர்களுக்கு அனுப்புவதையும் அவர் வழக்கமாகக் கொண்டார். குரு வரமாட்டார், ஆனால் குருவின் சொல் ஏட்டில் இருக்கும், அதனை அண்ணாவியார் படிக்க ஊரார் கேட்பர். யோசே வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலும், கொன்சால்வெஸ் அடிகளார் 1742இல் போலவத்தையிலும் காலமாயினர்.

அவர்கள் அமைத்த ஒழுங்குமுறைக்கு உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. 1739இல் அரியணை ஏறிய ஸ்ரீ விஜய இராசசிங்கன் காலத்தில் அரண்மனையின் மனநிலை மாறிற்று. 1740களின் நடுவே கண்டி நாட்டிலிருந்து குருமார் வெளியேற்றப்பட்டனர்; கோவில்கள் அழிக்கப்பட்டன. கரையோரத்திலோ ஒல்லாந்தரின் தடை இன்னும் நீங்கவில்லை. முதன்முறை குருவை இழந்தபோது மலைநாட்டு மக்களுக்கு அரசனின் ஆதரவேனும் இருந்தது. இம்முறை அதுவும் இல்லை. பாட்டன்மார் முப்பது ஆண்டு மன்றாடிப் பெற்றதை, பேரர் கண்ணெதிரே இழந்தனர். பெற்றதை மீண்டும் இழந்தவன் மறுபடியும் கேட்பது, முதன்முறை கேட்பதைவிடக் கடினம். ‘கொடுத்தவரே பறித்துக்கொண்டாரோ?’ என்ற ஐயம் அங்கே எழாமல் இருக்க முடியாது.

அவ்வையம் எழுந்தபோதும் செபம் நிற்கவில்லை என்பதற்கு, அந்த ஊர் இன்றும் கத்தோலிக்க ஊராய் இருப்பதே சான்று. அரசாணையோ செல்வமோ அதனைக் காக்கவில்லை. மாலைதோறும் வீட்டில் சொல்லப்பட்ட செபமும் மூப்பர் கூட்டிய ஞாயிற்றுக் கூட்டமும் அன்றி, காத்தது இன்னதென்று சுட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. 1806இல் ஆங்கில ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளைக் கரையோரத்தில் நீக்கினார். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின் மலைநாட்டுப் பாதைகளும் திறந்தன. 1834இல் இலங்கை கொச்சி மறைமாவட்டத்தினின்றும் பிரிந்து, தனித் திருச்சபை ஆட்சிப் பகுதியாயிற்று. 1658 முதல் 1806 வரை எண்ணினால் 148 ஆண்டுகள். ஒரு குடும்பத்தில் ஐந்து, ஆறு தலைமுறைகள் அக்காலத்துள் தோன்றி மறைந்திருக்கும்.

உலக வரலாற்றில் இதற்கு இணையான செய்தி ஒன்று யப்பான் நாட்டில் உண்டு. 1614இல் அங்கே கிறித்தவம் தடைசெய்யப்பட்டது. சில பத்தாண்டுகளுள் குருமார் எவரும் எஞ்சவில்லை. நாகசாக்கியை அடுத்த ஊர்களில் உழவரும் மீனவரும் தாமே ஞானஸ்நானம் கொடுத்தும், திருநாட்களைக் கணித்தும், இலத்தீன் சொற்கள் கலந்த செபங்களை வாய்மொழியாகக் கற்பித்தும் மறைவில் வாழ்ந்தனர். 1865ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், நாகசாக்கியிற் புதிதாய்க் கட்டப்பட்ட ஔரா கோவிலுக்கு உரகாமி ஊரார் சிலர் வந்து, பிரெஞ்சுக் குருவாகிய பெத்தியான் அடிகளாரிடம் தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று வெளிப்படுத்தினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மௌனம் அன்று கலைந்தது. ஒன்றையொன்று அறியாத இரு தீவு நாடுகளில், குருவற்ற எளிய மக்கள் ஒரே வழியை மேற்கொண்டனர்: செபத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தனர், அவ்வளவே.

மாத்தளை மாவட்டத்தில் இவ்வழி வஹாக்கோட்டையோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததே 1880இல்தான். அதற்கு முன் வந்தோர் நடந்தே வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தோர் பலர். அவ்வாறு வந்தவர்களுள் சிறு தொகையினர் கிறித்தவர். அவர்களிடையே பணியாற்றவென 1854இல் சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பில் ஓர் அமைப்புத் தோன்றிற்று. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று அக்காலம் அதனை அழைத்தது. அப்பெயரிலேயே தொழிலாளரை அக்காலம் நோக்கிய பார்வை தெரிகின்றது. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக மலையேறி நடந்தனர். விடியற்காலையிற் பெரட்டுக் களத்திலும், வேலை முடிந்த மாலையில் லயத்து வாசலிலும் மக்களைச் சந்தித்தனர். ஓர் உபதேசியார் பல தோட்டங்களைக் கவனிக்க வேண்டியிருந்தமையால், அவர் மீண்டும் வரும்வரை ஜெபத்தைக் காத்தவர்கள் தொழிலாளரே. சபை வேறு, மொழி வேறு, வழிபாட்டு முறை வேறு. ஆயினும், மூப்பர் செய்த வேலையும் இவர்கள் செய்த வேலையும் ஒன்றே.

விடாது மன்றாடுதல் என்பதைப் பலர் கடவுளை வற்புறுத்துதல் என்று கொள்வர். கேட்டது கிடைக்கும்வரை கேட்பது என்று பொருள் கூறுவர். அப்பொருளின்படி பார்த்தால், 1658க்கும் 1687க்கும் இடையே இறந்தவர்களின் செபம் பலிக்காத செபமே. ஆனால் வரலாறு அவ்வாறு முடிவு கட்டவில்லை. யோசே வாஸ் அடிகளார் வந்தபோது அவரை அடையாளங் காண ஆள் இருந்தமைக்குக் காரணம், அந்த இறந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த செபமே. குருவுக்காக வேண்டியவர்கள் குருவைக் காணவில்லை; ஆயினும், குருவை வரவேற்கத்தக்க ஒரு மக்களை உருவாக்கிச் சென்றனர். அவர்களுடைய மன்றாட்டு வெறும் வேண்டுகோளாய் நில்லாமல், வேண்டியதைப் பெறுவதற்குரிய ஆயத்தமாகவும் இருந்தது.

நம்பிக்கை என்பதும் இங்கே வேறு பொருள் பெறுகின்றது. நாளையே விடை வரும் என்று எண்ணியிருந்தால் அவர்கள் சில ஆண்டுகளிற் சலித்திருப்பர். விடை தம் காலத்தில் வாராதெனினும், கேட்பது வீணாகாது என்ற உறுதியே அவர்களைத் தாங்கியது. பனை விதைப்பவன் தனக்காக மட்டும் விதைப்பதில்லை. அவன் காணும் பயன் சிறிது. பேரன் காணும் பயன் பெரிது. பனையை நட்டவனை மதிகேடன் என்று உலகம் சொல்வதில்லை.

யோசே வாஸ் அடிகளார் 1995இல் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலிற் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இலங்கையின் முதற் புனிதர் என்று நாடு அவரைப் போற்றுகின்றது. வஹாக்கோட்டையில் மாலைதோறும் செபத்தைத் தொடங்கிவைத்த மூப்பர்களின் பெயர்களையோ, குழந்தைகளை மடியில் இருத்தி முதற்செபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரின் பெயர்களையோ எந்த ஏடும் தாங்கவில்லை. யூன் மாதத் திருவிழாவில் அந்தோனியார் திருவுருவத்தின் முன் திரள்வோர் தத்தம் வேண்டுதலைச் சொல்கின்றனர்: ஒருவர் நோய் தீர, ஒருவர் பிள்ளை வரம் பெற, ஒருவர் காணாமற்போன மகன் மீள. அவருட் சிலர்க்கு விடை விரைந்து கிட்டலாம். சிலர்க்குக் கிட்டாமற் போகலாம். ஆயினும், அவர்கள் நின்று மன்றாடுகின்ற அவ்விடம், நெடுங்காலம் விடையின்றியே வேண்டிக்கொண்டிருந்த மக்கள் காத்துக் கொடுத்த இடமாகும்.